பதினேழாம் இலக்கத்தின் அம்மா

எங்கள் கராஜுக்குள் அன்று வெறும் பியர்ப் போத்தல்களும் ரின்களும் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. குடித்தது நாங்கள் இல்லை. மகளின் சொஃப்ட்போல் ரீம் தேசியச் சுற்றுப்போட்டிக்குத் தெரிவாகியிருந்தது. பேஸ்போல் மாதிரி ஒரு விளையாட்டு அது. பிள்ளைகளை வன்கூவர்ப் பக்கம் கொண்டுபோகக் காசு சேர்க்க வேண்டும். ஒன்ராறியோவில் அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது: வீடு வீடாகக் கதவைத் தட்டி வெறும் போத்தல் கேட்பது. பியர் ஸ்ரோரில் திருப்பிக் கொடுத்தால் ஒரு பியர்ப் போத்தலுக்கு 10 சதம், பெரிய வைன் போத்தலுக்கு 20 சதம். நான் வானில் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தபோது, கோயில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணை ஒருவர் காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தங்கச்சி, வீட்டில ஏதும் விசேஷமோ?"

"இல்லை அண்ணை, இது பிள்ளையின்ர விளையாட்டுக்கு."

அவர் தலையாட்டிய விதத்தில் ஒரு சொல்லையும் நம்பவில்லை என்று விளங்கியது. ஆனால் அடுத்த கிழமை அவரே ஒரு பிறந்தநாள் ஹோலில் இருந்து நாலு பை நிறையப் போத்தல் கொண்டுவந்து இறக்கினார். அதில் முக்கால்வாசி 20 சதப் போத்தல்.

சொஃப்ட்போலுக்கு நாங்கள் திட்டம் போட்டு வந்தவர்கள் அல்ல. இவருக்கு, என் கணவருக்கு, கிரிக்கெட்தான் எல்லாம். மகள் ஏழு வயதில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியோடு பார்க்குக்குப் போனாள், மஞ்சள் பந்தோடு திரும்பி வந்தாள். எனக்கு அந்தப் பந்தைக் கண்டதும் வந்த ஞாபகம் எல்லே. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடும் விளையாட்டு அது; வடமராட்சியில் பள்ளிக்கூட நாட்களில் நான் எல்லே விளையாடியவள். பொருளாதாரத் தடைக் காலம். ஒரு ரெனிஸ் பந்து மயிர் எல்லாம் உதிர்ந்து மொட்டையாகி, வெடிக்கும்வரை ஓடும். மூங்கில் தடிக்கு மட்டும் பஞ்சமில்லை. எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து பட்டால் ஆட்டமிழப்பு. ஆகவே மகளின் முதலாவது மட்சில் பந்து அவள் கையில் அகப்பட்டதும் நான் கதிரையை விட்டு எழும்பி, "அவளுக்கு எறி பிள்ளை, முதுகில எறி!" என்று கத்திவிட்டேன். நல்லகாலம், தமிழில் கத்தினேன். மகள் மட்டும் திரும்பி முறைத்தாள்.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இந்த விளையாட்டில் கரைச்சல் கூட. மட்டைக்காரி அடிக்கத் தவறிய நல்ல பந்து ஸ்ட்ரைக்; மூன்று ஆனால் அவுட். ஆனால் அந்த மூன்றாம் ஸ்ட்ரைக்கை அவளுக்குப் பின்னால் இருக்கும் கட்சர் பிடிக்காமல் விட்டால், முதலாம் பேஸில் ஆள் இல்லாவிட்டாலோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தாலோ, அவுட்டாக வேண்டியவள் எழும்பி ஓடலாம். "அவுட் எண்டால் அவுட்தானே, பேந்தென்ன ஓட்டம்?" என்று இவர் ஒரு கோடை முழுக்கக் கேட்டார். முதலாம் பேஸ் இரட்டை என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரியும்: வெள்ளைப் பாதி பந்து பிடிக்கிறவளுக்கு, செம்மஞ்சள் பாதி ஓடி வருகிறவளுக்கு. இரண்டு பிள்ளைகளும் மோதி விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு.

முதல் இரண்டு வருஷமும் நான் வரிசையின் கடைசியில் என் மடிப்புக் கதிரையைப் போட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு பேசாமல் இருந்தேன். ஆங்கிலம் தெரியாமல் இல்லை; பகலில் ஆங்கிலத்தில்தான் ஒரு கொம்பனிக்குக் கணக்கு எழுதுகிறேன். ஆனால் கொட்டேஜ், படகு, யாருடைய நாய்க்கு என்ன வருத்தம் என்று போகும் கதைக்குள் எந்த இடத்தால் நுழைவது? அங்கே ஒருவருக்கும் பெயர் இல்லை, எல்லாரும் பிள்ளையின் சட்டையில் இருக்கும் ஏதோ ஓர் இலக்கத்தின் அம்மா, அப்பா. நான் பதினேழாம் இலக்கத்தின் அம்மா. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. என் பெயரை உச்சரிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை மிச்சம்.

மூன்றாம் வருஷம் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த குடும்பம் வேறு ஊருக்கு மாறிப்போனது. கோச் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "நீங்கள்தான் கண் எடுக்காமல் பார்க்கிறவர்" என்றார்.

அந்தக் கொப்பியில் நான் விழுந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரிக்கும் ஒரு சதுரம், அதற்குள் நாலு பேஸும் கிடக்கும் வடிவில் ஒரு குட்டி டயமண்ட். அவள் ஓடிய பேஸ்வரை கோடு இழுத்து, எல்லாப் பேஸும் சுற்றி, அடிக்க நின்ற இடமான 'வீடு' வந்து சேர்ந்தால் டயமண்டை நிரப்ப வேண்டும். நிற்கிற இடத்துக்கெல்லாம் எண்: பந்து வீசுகிறவள் 1, கட்சர் 2, அப்படியே வலது பக்கக் கோடியில் 9 வரை. இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் எடுத்து முதலாம் பேஸுக்கு எறிந்து அவுட் என்றால் 6-3, அவ்வளவுதான். மட்டையைச் சுழற்றித் தவறவிட்டு அவுட்டானால் ஆங்கிலக் கே எழுத்து. சுழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்று அவுட்டானால் அதே கே, கண்ணாடியில் தெரிவது மாதிரித் திருப்பி. பிழை விட்டால் ஈ எழுத்தும் விட்டவளின் எண்ணும். என் மகள் ஷோர்ட்ஸ்டொப். ஆகவே அவள் விடும் பிழை ஈ-6.

கொப்பி கைக்கு வந்த பிறகு கதிரையைக் கடைசியில் போட முடியவில்லை. "போன முறை இவள் என்ன அடிச்சவள்?" "எத்தனை பந்து போட்டாச்சு?" என்று எல்லாரும் என்னிடம்தான் வர வேண்டும். சூரியகாந்தி விதையை மென்று கோதைத் துப்பியபடி அவர்கள் குனிந்து பார்ப்பார்கள்; மழை மாதிரிக் கோது விழும் என்பதால் தாள்களுக்கு மேலே கையை வைத்துக்கொள்வேன்.

சுற்றுப்போட்டி வன்கூவருக்குப் பக்கத்தில் தென் சர்ரேயில், சொஃப்ட்போல் சிட்டி என்ற திடலில். 2016இல் பெண்கள் உலகச் சம்பியன்ஷிப் நடந்த இடம். 2019இல் கனடா டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதும் அங்கேதான். அந்த ஒலிம்பிக்கில், 2021இல், மெக்சிக்கோவை 3-2 என்று வென்று கனடா வெண்கலம் எடுத்ததை மகள் ஒரு நூறு தரமாவது போட்டுப் பார்த்திருப்பாள். அந்த ரீமில் இருந்த சாரா குரோனவேகன் பக்கத்து வைற் றொக்கில் வளர்ந்தவர். மகள் பிளேனில் ஐந்து மணித்தியாலமும் இதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போய் இறங்கிய அன்று நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம். அம்மா ஸ்காபரோவில் இருந்து கோல் எடுத்தா. "அங்க போய் மச்ச மாமிசம் ஒண்டும் வாயில வைக்காதேங்கோ, சொல்லிப்போட்டன்." ரீம் குடும்பங்கள் எல்லாம் ஹொட்டேல் கீழ்த்தளத்தில் பீட்சா எடுத்தார்கள். பெட்டிகளை அடுக்கி வைத்த மேசையின் ஓரத்தில் ஒரு சீஸ் பீட்சாப் பெட்டி தனியாக இருந்தது, மேலே மார்க்கரால் 17 என்று எழுதி. கட்சரின் அம்மாவின் எழுத்து அது. நான் நல்லூர் பற்றி அவவிடம் ஏப்ரலிலோ மேயிலோ ஒருமுறை சொன்னது, எனக்கே மறந்துபோயிருந்தது. மறுநாள் இரவு நான் எல்லாரையும் ஒரு பஞ்சாபிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்ரேயில் மரக்கறிச் சாப்பாட்டுக்கு அலையத் தேவையில்லை. இரண்டாம் பேஸ் பிள்ளையின் அப்பா சமோசாவை ஆறு சாப்பிட்டுவிட்டு, இதை ஆட்டத்தின்போது ரீம் இருக்கும் டக்அவுட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கோச் வேண்டாம் என்றார்.

பிள்ளைகள் மாகாணப் பின்களை மாற்றிக்கொண்டு திரிந்ததையும், டக்அவுட்டுக்குள் தொண்டை அடைக்கப் பாட்டுப் பாடியதையும் எழுதத் தொடங்கினால் முடியாது. முதல் சுற்றில் நாங்கள் நாலாவதாக வந்தோம். அதற்குப் பிறகு அட்டவணையைப் பார்த்து இவர் துள்ளினார்: "அட, இது எங்கட ஐபிஎல் கணக்கு!" உண்மைதான். முதல் இரண்டு ரீமும் மோதித் தோற்றவருக்கு இன்னொரு வாய்ப்பு. மூன்றும் நாலும் மோதித் தோற்றவர் வீட்டுக்கு. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக இவர் மற்ற அப்பாமாருக்கு ஒரு விஷயத்தை விளங்கப்படுத்திக்கொண்டு நின்றார்.

மூன்றாவதாக வந்தது பிரிட்டிஷ் கொலம்பியா ரீம் ஒன்று. ஏழு இன்னிங்ஸ் முடிய 2-2. எட்டாவதில் இருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டாம் பேஸில் ஓர் ஆளை வைத்துத்தான் ஆட்டம் தொடங்கும், சமநிலையை உடைப்பதற்காக. எங்கள் ஆள் அந்தப் பேஸிலேயே நின்று முடிந்தாள். அவர்களுடைய முறையில் இரண்டாவது பந்து, நிலத்தோடு உருண்டு நேரே என் மகளிடம். அப்படிப் பந்து அவள் ஆயிரம் எடுத்திருக்கிறாள். குனிந்தாள். கையுறை ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது. பந்து கால்களுக்கு இடையால் புல்லுக்குப் போனது. இரண்டாம் பேஸில் நின்ற பிள்ளை வீடு வந்து சேர்ந்தாள். அந்தப் பக்கம் எல்லாரும் ஓடி வந்து கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். என் மகள் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி அப்படியே நின்றாள்.

எனக்குப் பக்கத்தில் கட்சரின் அம்மா. என் பென்சில் தாளுக்கு மேலே நிற்பதைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னா: "பந்து கொஞ்சம் துள்ளினது. பிழை என்று போடாமல் ஹிட் என்று போட்டால் ஒருவரும் கேட்கமாட்டினம்."

துள்ளவில்லை. நான் ஈ-6 என்று எழுதினேன். அவ என் தோளில் கையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தா.

ஹொட்டேல் அறையில் மகள் குளித்துவிட்டு வந்து, தலையைத் துடைக்காமலே கொப்பியைக் கேட்டாள். கொடுக்க எனக்குப் பயம்தான். கட்டிலில் சம்மணம் கட்டி, முதலாம் இன்னிங்ஸில் இருந்து ஒவ்வொரு சதுரமாக விரல் வைத்துப் பார்த்தாள். தலைமயிரில் இருந்து தண்ணி தாளில் சொட்டியது. எட்டாம் இன்னிங்ஸுக்கு வந்து அந்தச் சதுரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பின்னுக்குத் திரும்பி நாலாம் இன்னிங்ஸைக் காட்டினாள்.

"அம்மா, இது பிழை. எங்கட கட்சருக்குக் கேயைத் திருப்பிப் போட்டிருக்கிறீங்கள். அவள் பார்த்துக்கொண்டு நிக்கேல்லை. சுத்தினவள்."

நான் கைப்பைக்குள் அழிறப்பரைத் தேடினேன்.