நெறி கட்டியிருக்கு என்று விட்டுவிடாதீர்கள்

கழுத்தில் நெறி கட்டினால் எங்கள் காரைக்குடிப் பக்கம் பற்றுப் போட்டுவிட்டு வற்றும்வரை பார்த்திருப்போம். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் மட்டும் அப்படிப் பார்த்திருக்காதீர்கள், அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கும் என் அம்மானுக்குக் காய்ச்சலும் கழுத்து வீக்கமும் வந்தபோது டிபியாக இருக்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மதுரையில் பயாப்ஸி எடுத்த பிறகுதான் எப்ஸ்டீன்-பார் வைரஸால் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பெருகியிருப்பது தெரிந்தது. 1964இல் கண்டுபிடித்த இந்த வைரஸ், பெரியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது, ஒருமுறை நுழைந்தால் பி செல்கள் என்ற ஒருவகை லிம்போசைட்டுகளுக்குள் ஆயுசுக்கும் தங்கிவிடும். அதை அடக்கி வைப்பவை டி செல்கள் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டுகள். ஆனால் புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் அந்த டி செல்களைத்தான் கட்டிப்போடுகின்றன, பி செல்கள் தறிகெட்டுப் பெருகி, சிலருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரைக்கும் போய்விடுகிறது.

"வைரஸுன்னா வைரஸ் மாத்திரை குடுக்க வேண்டியதுதானே, எதுக்குக் கிட்னி மாத்திரையைக் குறைக்கிறாக?" என்று ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நியாயமான கேள்வி. அசைக்ளோவிர், கான்சிக்ளோவிர் இரண்டுமே உள்ளே போனதும் வேலை செய்கிற மருந்துகள் அல்ல, வைரஸ் தானே உண்டாக்கும் ஒரு நொதி அவற்றைத் தூண்டிவிட வேண்டும். பெருகிக் கிடக்கும் பி செல்களிலோ வைரஸ் பெரும்பாலும் உறங்குகிறது, பூட்டிய வலவு வீட்டுக்குள் ஆள் படுத்திருப்பது போல, அந்த நொதியும் இருக்காது, மருந்தும் சும்மா போகும். அதனால் முதலில் எதிர்ப்பை அடக்கும் மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார்கள், போதாவிட்டால் பி செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் ஊசி, சிலருக்குக் கீமோவும்.

வைரஸை முதலில் எழுப்பிவிட்டு அப்புறம் அடிக்கலாமே என்றும் யோசித்திருக்கிறார்கள்! உறங்கும் வைரஸை எழுப்ப ஆர்ஜினின் பியூட்டிரேட் என்ற மருந்தை கான்சிக்ளோவிரோடு சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வு 2007இல் வெளிவந்தது, 15 பேரில் 10 பேருக்குக் கட்டி சுருங்கியது. எனக்கு நம்பிக்கை தந்த செய்தி இது, ஆனாலும் இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை.

ஒன்று மட்டும், மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், சிறுநீரகமே போய்விடும். அம்மானுக்கு டாக்டர்தான் அளவு சொல்கிறார், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை அடிக்கடி பார்க்கிறோம், நெறி சுருங்கி வருகிறது, அடுத்த ஸ்கேன் பொங்கல் கழிந்து.