இரணைமடுவில் ஒரு பனித்தூண்டில்

யூலை விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சிக்குப் போனபோது, சிம்கோ ஏரி உறைந்ததும் நான் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற இரண்டடித் தூண்டிலையும் பெட்டிக்குள் செருகிக்கொண்டேன். இரணைமடுக் குளக்கட்டில் அதைப் பார்த்த மாமா சிரித்தார்.

"உதென்ன மருமகன், நூலோ சிலந்தி வலையோ?"

நாலு இறாத்தல் இழுவை தாங்கும் நூல் அது. பேர்ச் மீனுக்குக் கட்டுவது. பனிக்கடியில் தண்ணீர் நாலு பாகை செல்சியஸுக்கு மேல் போகாது. அந்தக் குளிரில் மீன் சோம்பிக் கிடக்கும். இரையை மெல்லத் தொட்டுவிட்டு விட்டுவிடும். தடித்த நூலென்றால் அந்தத் தொடுகை கைக்கு வந்து சேராது. லேக் ட்ரவுட் மீனுக்கு எட்டு, பத்து இறாத்தல் வேண்டும். பைக் மீனுக்குப் பல் கூர் என்பதால் தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு சாண் உருக்குக் கம்பி. பின்னல் நூல் பலமானதுதான், ஆனால் தண்ணீரைக் குடித்துத் தூண்டில் தடியின் வளையங்களில் உறைந்து நிற்கும். ஒரு தை மாதம் முழுக்க அதோடு மாரடித்திருக்கிறேன்.

மாமாவுக்கு விளங்காதது ஒன்றுதான்: "ஐஸுக்குக் கீழ மீன் சாகாதோ?"

சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் திறந்து குளம் இறங்கியிருந்தது. மண்புழுவைக் கோத்து என் நூலை இறக்கினேன். யப்பான் மீன் வரிசையாக ஏறியது. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாதான் அது. நானும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

அப்புறம் கரையோரப் புல்லுக்குள் குபுக்கென்று ஒரு சத்தம். விரால் மூச்சுவிட மேலே வந்திருந்தது. அவசரத்தில் நூலைக்கூட மாற்றாமல், மாமாவின் தவளைக்குஞ்சொன்றைக் கோத்துப் போட்டேன். ஒரே இழுவை. கையில் மிஞ்சியது சுருண்ட நூல்தான். முள் விராலோடு போய்விட்டது.

மாமா தன் கம்பில் தடித்த தங்கூசி நூலை முள்ளோடு சேர்த்து முடிந்தார். இறுக்குமுன் முடிச்சை வாயில் வைத்து எச்சில் படுத்தினார். அட, சிம்கோவில் நானும் அதைத்தானே செய்கிறேன்! உலர்ந்த முடிச்சை இறுக்கினால் உரசிச் சூடேறி நூல் பலம் இழந்துவிடும்.

பொழுது சாயும்வரை அந்த விரால் திரும்பி வரவில்லை. சட்டிக்கு ஏழு யப்பான் மீன் மட்டும். கட்டால் இறங்கும்போது மாமா கேட்டார்: "அந்த உருக்குக் கம்பியில ரெண்டு துண்டு அடுத்த முறை கொண்டு வாருமன்?"