ஒழுங்கு பலகோணமும் அப்பத்தாவோட விளக்குமாறும்

போன மாசம் பெரியவ கிளாஸ் டெஸ்ட் பேப்பர் கொண்டு வந்து நீட்டுனா, 20க்கு 18, நல்ல மார்க்தான், ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் பெருசா இன்ட்டு போட்டிருந்துச்சு. சமபக்க முக்கோணம், சதுரம், செவ்வகம், சாய்சதுரம்னு நாலு படம் குடுத்து இதுல எதெல்லாம் ஒழுங்கு பலகோணம்னு கேட்டிருக்காங்க, இவ செவ்வகத்த மட்டும் விட்டுட்டு மிச்சம் மூனுக்கும் டிக் அடிச்சிருக்கா. கோணமும் சமமா இருக்கணும்டின்னு சொன்னேன். அதுக்கு அவ, "அது எனக்கே தெரியும்மா, எல்லா பக்கங்களும் எல்லா கோணங்களும் சமம்னு மனப்பாடமா எழுதிருக்கேன் பாரு, ஆனா பக்கம் சமம்னா கோணம் தானா சமமா வந்துருமே, அப்புறம் எதுக்கு ரெண்டையும் சொல்றாங்க"ன்னா.

எனக்கு சட்டுன்னு பதில் வரல. யோசிச்சா அவ சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஏன்னா முக்கோணத்துல அப்படித்தான், மூனு பக்கமும் சமமா வச்சா மூனு கோணமும் 60ன்னு தானா உக்காந்துக்கும், வேற வழியே கிடையாது. முதல்ல படிக்கிற வடிவமே முக்கோணமா இருக்கிறதால எல்லாத்துக்கும் அதே கதைதான்னு புள்ளைக மனசுல பதிஞ்சு போயிருது. (ஒழுங்குங்கற வார்த்தையே நம்ம வீட்ல திட்டுறதுக்குத்தான் வரும், "ஒழுங்கா இரு, ஒழுங்கா சாப்பிடு"ன்னு. சின்னவன் நாலாவது படிக்கிறான், சாய்சதுரத்தப் பாத்துட்டு "இது ஒழுங்கா உக்காராம சாஞ்சு உக்காந்திருக்கு, அதான் மார்க் போடல"ன்னான். டீச்சர் சொன்னத விட எனக்கு இது பிடிச்சிருந்துச்சு.)

சரி, பேப்பர்ல வரைஞ்சு காட்டுனா ஆகாது, கையில ஆட்டிப் பாக்கணும்னு தோணுச்சு. அரவிந்த் குப்தா, பழைய சாமான்ல பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்லிக் குடுப்பாரே, அவர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் (டயருக்குக் காத்தடிக்கிற இடத்துல மாட்டுற குட்டி ரப்பர் குழாய்) வச்சு வடிவம் கட்டுவாரு, அதத்தான் எடுத்துக்கிட்டேன். இப்ப வர்ற சைக்கிள்ல பாதிக்கு வால்வ் ட்யூபே கிடையாது, மூனு கடை ஏறி இறங்கி கடைசியா ஒரு பழைய பஞ்சர் கடைல கிடைச்சுச்சு. தீக்குச்சி ரொம்பக் குட்டியா இருந்ததால விளக்குமாத்துக் குச்சிய அடிப்பக்கமா உருவி எல்லாத்தையும் 10 சென்டிமீட்டருக்கு வெட்டிக்கிட்டோம். "ஏத்தா, இருக்குறதே ஒரு விளக்குமாறு, அதையும் உருவிட்டா வாசல எதுலத்தா கூட்டுறது"ன்னு அத்தை (என் மாமியார், புள்ளைகளுக்கு அப்பத்தா) ஒரு சத்தம் போட்டாங்க, நாங்க யாரும் காதுல வாங்கல.

மூனு குச்சிய ட்யூப் துண்டுல மாட்டி முக்கோணம் செஞ்சா இறுக்கமா நிக்குது, அமுக்குனாலும் அசையல. நாலு குச்சில சதுரம் செஞ்சு லேசா ஒரு மூலைய அமுக்கு, அப்படியே சாஞ்சு சாய்சதுரம் ஆயிருது, இன்னும் அமுக்குனா பட்டம் மாதிரி ஒல்லியாகி கடைசில ரெண்டு ரெண்டு குச்சி ஒன்னோட ஒன்னு படுத்துக்குது. இத்தனைக்கும் நாலு பக்கமும் அதே 10 சென்டிமீட்டர்தான். பெரியவ ஒன்னும் சொல்லல, திரும்பத் திரும்ப அமுக்கிப் பாத்தா, அப்புறம் அவளே அஞ்சு குச்சில ஒன்னு செஞ்சா, அது இன்னும் மோசம், கூடாரம் மாதிரியும் ஆகுது, உள்பக்கமா மடங்கி அம்பு மாதிரியும் ஆகுது. "முக்கோணம் மட்டும்தான் ஒழுங்கா இருக்கும், மத்ததெல்லாம் நாமதான் பிடிச்சு உக்கார வைக்கணும்"னா. பக்கம் சமம்ங்கறது போதாதுன்னு இதுக்கு மேல நான் என்னத்த விளக்குறது.

அதோட முடிஞ்சிருக்கும். மார்கழி மாசமா போச்சு, அதனால முடியல.

எங்க வீட்ல வாசல் அத்தையோட ராஜ்ஜியம். அவங்க கோலத்துக்கு புள்ளி ரெண்டு விதமா வைப்பாங்க, ஒன்னு நேர்ப்புள்ளி, ஒன்னுக்குக் கீழ ஒன்னு வரிசையா இருக்கும், இன்னொன்னு ஊடுபுள்ளி, மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல கீழ ஒரு புள்ளி விழும். சில ஊர்ல இடைப்புள்ளி, சந்துப்புள்ளின்னும் சொல்றாங்க. "ஊடுபுள்ளி 15, 8ல நிறுத்து"ன்னு சொன்னா, நடுவுல 15 வச்சு, மேலயும் கீழயும் 14, 13ன்னு ஒவ்வொன்னா குறைச்சு 8 வரைக்கும் வைக்கணும். 30 வருசமா கோலம் பாத்துட்டு இருக்கேன், அன்னைக்குத்தான் ஓரத்துல சுத்தி எண்ணிப் பாத்தேன், ஆறு ஓரம், ஒவ்வொரு ஓரத்துலயும் சரியா 8 புள்ளி. அறுகோணம்! 7-4, 9-5, 11-6னு புத்தகத்துல போட்டிருக்கிற அளவெல்லாம் இதே கணக்குத்தான், நிறுத்துற நம்பர இரட்டிச்சு ஒன்னு கழிச்சா நடு வரிசை.

பெரியவ உடனே ஸ்கேல எடுத்துட்டு வந்துட்டா, குச்சில ஏமாந்த புள்ளையாச்சே, "ஓரத்துல புள்ளி சமம், ஆனா ஒழுங்கா"ன்னு அளந்தா. படுக்கை ஓரம் 14 இன்ச், சாய்வு ஓரம் 15 அரைக்கு மேல போகுது. காரணம் சின்னதுதான், அத்தை புள்ளிக்குப் புள்ளி 2 இன்ச் விட்டா வரிசைக்கு வரிசையும் 2 இன்ச்சே விடுறாங்க, நேர்ப்புள்ளி வச்ச கைப்பழக்கம். ஊடுபுள்ளிக்கு வரிசை கொஞ்சம் நெருங்கணும், 2 இன்ச்சுக்கு ஒன்னேமுக்கால் இன்ச்சுன்னு வச்சா ஆறு ஓரமும் கிட்டத்தட்ட சமமா வந்துரும், பக்கத்துப் பக்கத்து மூனு புள்ளியச் சேத்தா குட்டி குட்டி சமபக்க முக்கோணமா இருக்கும். இத எப்படி அத்தைக்கிட்ட சொல்றதுன்னு நான் முழிச்சுட்டு நிக்கிறேன், பேத்தி நேரா போயி "அப்பத்தா உங்க கோலம் ஒழுங்கா இல்ல"ன்னுட்டா. வீட்ல அன்னைக்கு காபி கொஞ்சம் லேட்டாத்தான் வந்துச்சு.

ஆனா மறுநாள் விடிகாலைல பாத்தா அத்தை வரிசைய நெருக்கி வச்சிருந்தாங்க. யாரும் எதுவும் பேசல.

சின்னவனுக்கு கோணம் கீணம் எல்லாம் தெரியாது, அவன் உக்காந்து மொத்தப் புள்ளிய எண்ணுனான், 169 வந்துச்சு. நடுவுல ஒன்னு, அதச் சுத்தி 6, அடுத்த சுத்துக்கு 12, அடுத்து 18, இப்படி ஆறு ஆறா ஏறிட்டே போகுதுன்னு காட்டுனேன், 3-2 கோலம்னா 7, 5-3ன்னா 19, 7-4ன்னா 37, 9-5ன்னா 61. அதுல ஒரு வேடிக்கை என்னன்னா 169ங்கறது பதிமூனு பதிமூனு. அதாவது 15-8 ஊடுபுள்ளிக்கு வைக்கிற அதே அளவு புள்ளிய 13க்கு 13 நேர்ப்புள்ளியாவும் வச்சிரலாம், ஒன்னு மிஞ்சாது ஒன்னு குறையாது. எல்லா அளவுக்கும் இது வராது, 7, 19, 37, 61, 91, 127 எதுவுமே சதுரம் ஆகாது, 15-8தான் முதல்ல ஆகுறது. எனக்கு அன்னைக்கு பூரா இதே நெனப்பு, ஆபீஸ் மீட்டிங்ல கூட.

நேர்ப்புள்ளில எண்கோணம் போடலாமான்னு அடுத்த கேள்வி. போட்டுப் பாத்தோம், 4க்கு 4 புள்ளி, மூலைப் புள்ளி நாலையும் விட்டுட்டு சுத்தி கோடு. பாக்க அழகா எட்டு பக்கம், எட்டு கோணமும் 135தான், ஆனா நேர் பக்கம் 5 சென்டிமீட்டர்னா சாய்வுப் பக்கம் 7. சாய்சதுரத்துக்கு அப்படியே எதிர்க்கட்சி, அங்க பக்கம் சமம் கோணம் சமமில்ல, இங்க கோணம் சமம் பக்கம் சமமில்ல. எவ்வளவு பெரிய நேர்ப்புள்ளி வச்சாலும் சரியான எண்கோணம் அதுல மாட்டவே மாட்டாது. மரவேலை செய்றவங்களுக்கு இதுக்கு ஒரு வழி இருக்கு, எங்க அப்பா ஆசாரி பட்டறைல பாத்துட்டு வந்து எனக்கு சொல்லித் தந்தது. சதுரப் பலகைல குறுக்கா மூலைக்கு மூலை ரெண்டு கோடு, அது வெட்டுற நடு வரைக்கும் காம்பஸ விரிச்சுக்கோ, அதே அளவ மாத்தாம ஒவ்வொரு மூலையிலயும் ஊசிய வச்சு ரெண்டு பக்கமும் வெட்டுக் குறி போடு, எட்டு குறி விழும், சேத்தா சரியான எண்கோணம். 20 சென்டிமீட்டர் சதுரத்துல செஞ்சோம், எட்டு பக்கமும் 8.3. கோயில்ல எட்டுப்பட்டைத் தூண் பாத்திருப்பீங்க, கீழ சதுரம் நடுவுல எட்டுப் பட்டை மறுபடி மேல சதுரம்னு இருக்குமே, தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து உச்சில இருக்கிற சிகரமும் எட்டுப்பட்டைதான். அடுத்த தடவ போறப்ப இவளே எண்ணட்டும்.

ஐங்கோணம்தான் எங்களப் படுத்தி எடுத்துச்சு. நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி ரெண்டுலயும் அது வராது, எத்தன ஆயிரம் புள்ளி வச்சாலும் வராது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைய வெட்டி தரைல டைல்ஸ் மாதிரி ஒட்டிப் பாக்கலாம்னு ஆரம்பிச்சோம், முக்கோணம் ஆறு சேந்தா ஒரு புள்ளில அடைச்சிருது, சதுரம் நாலு, அறுகோணம் மூனு. ஐங்கோணம் மூனு வச்சா 108 மூனு தடவ, 324 ஆச்சு, 36 டிகிரி சந்து நிக்குது, நாலாவது நுழையவும் மாட்டேங்குது. ஏழு பக்கம், எட்டு பக்கம்னு மேல போனா கோணம் 120 தாண்டிரும், அப்ப மூனு சேந்தாலே 360 தாண்டிரும், அதனால ஒரே வகை ஒழுங்கு வடிவத்த வச்சு தரைய அடைக்கணும்னா இந்த மூனுதான், வேற இல்ல. தேன்கூடு கதைய எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சொல்லல, ஆனா ஒரே அளவு அறையா தடுக்குறதுக்கு அறுகோணத்துக்குத்தான் சுவர் கம்மியா பிடிக்கும்னு முழுசா நிரூபிச்சது தாமஸ் ஹேல்ஸ்ங்கற கணித ஆய்வாளர், அதுவும் 1999லதான்னு படிச்சப்ப கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.

சின்னவன் அந்த 36 டிகிரி சந்த சும்மா விடாம ரெண்டு அட்டையையும் இழுத்துப் பிடிச்சு செலோடேப் ஒட்டிட்டான். தரைல கிடந்தது எந்திரிச்சு கிண்ணம் மாதிரி ஆயிருச்சு! அப்படியே ஒட்டிட்டே போனோம், 12 அட்டைல பந்து மாதிரி மூடிக்கிச்சு. கறுப்பு வெள்ளை ஃபுட்பால்ல இருக்கிற கறுப்பு ஐங்கோணமும் 12தான், வெள்ளை அறுகோணம் 20. அன்னைக்கு நான் பாடம் நடத்தவே இல்ல, டேப் கிழிச்சுக் குடுத்ததுதான் என் வேலை.

அப்புறம் ஒரு கடை பில். நீளமா வருமே அந்தப் பேப்பர், அகலம் சீரா இருக்கும், அதுல சும்மா கயிறுக்கு போடுற மாதிரி ஒரு முடிச்சு போட்டு, மெதுவா இழுத்து, கசங்காம தட்டையா அமுக்குங்க. ஒழுங்கு ஐங்கோணம் வந்து நிக்கும், பாகைமானி வேணாம் காம்பஸ் வேணாம். லைட்டுக்கு நேரா பிடிச்சா உள்ள நட்சத்திரம் தெரியும், ஒரு கோடு மட்டும் குறையும், நீட்டிட்டு இருக்கிற வால ஒரு மடிப்பு மடிச்சா அதுவும் வந்துரும். நாலஞ்சு தடவ சொதப்பும், இழுக்குறப்ப அவசரப்படக் கூடாது.

மொட்டை மாடில சாக்பீஸ் வச்சு நடந்து வரையுறது இன்னொன்னு. அஞ்சு அடி நட, 72 டிகிரி திரும்பு, மறுபடி நட, அஞ்சு தடவ செஞ்சா கிளம்புன இடத்துக்கே வந்துருவ, மொத்தமா ஒரு முழு சுத்து சுத்திருப்ப, 360. எந்த ஒழுங்கு வடிவமா இருந்தாலும் இந்த முழு சுத்து மாறாது, பக்கத்தால வகுத்தா திரும்ப வேண்டியது கிடைச்சிரும். ஏழுக்கு வகுத்துப் பாத்துட்டு பெரியவ 51.428ன்னு எழுதிட்டே போனா, முடியல. அவகிட்ட சொன்னேன், ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு ஏழு பக்க ஒழுங்கு வடிவம் யாராலயும் வரைய முடியாது, ஆனா 17 பக்கம் முடியும்னு 1796ல காஸ்ங்கற கணித மேதை கண்டுபிடிச்சாரு, அப்ப அவருக்கு 19 வயசு கூட ஆகல. ஏழு முடியாதுன்னு நிரூபணம் வந்தது 1837ல, வான்ட்செல்ங்கறவரு. "அப்ப டீச்சர் ஏழு பக்கம் வரைங்கன்னு சொன்னா முடியாதுன்னு சொல்லலாமா"ன்னு கேக்குறா. பாகைமானி வச்சு கிட்டத்தட்ட வரைஞ்சிரலாம், வாயக் குடுக்காதன்னு சொல்லி வச்சிருக்கேன்.

கடைசியா காசு. 20 ரூபா காயினுக்கு 12 பக்கம், அது காம்பஸ்ல சுலபமா வந்துரும், அறுகோணம் போட்டு பாதி பாதியா பிரிச்சா போதும். அத்தை சுருக்குப்பைல 1998ல அடிச்ச பழைய 2 ரூபா ஒன்னு கிடந்துச்சு, சின்னவன் ஒரு முனைல ஸ்கெட்ச் பேனால பொட்டு வச்சுட்டு எண்ணுனான், 11. மறுபடி எண்ணுனான், 11தான். இதுவும் ஏழு மாதிரி காம்பஸுக்கு அடங்காத ஜாதி, 360ஐ 11ஆல வகுத்தா 32.727னு ஓடுது. அவன் கேக்கல, 33னு வச்சுக்கிட்டு பாகைமானியோட உக்காந்துட்டான், பத்து தடவ 33 வச்சு 330 ஆச்சு, கடைசிப் பக்கத்துக்கு 30தான் மிச்சம், அது மட்டும் குட்டையா நிக்குது. அதுக்கு மட்டும் சிவப்பு கலர் அடிச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கான்.

2 ரூபாய இன்னும் அத்தைக்குத் திருப்பிக் குடுக்கல. அவங்க புது விளக்குமாறு வாங்கிட்டாங்க, பீரோ மேல இருக்கு, பிள்ளைக கைக்கு எட்டாது.