யாரை அடிக்கணும்னு நம்மளைக் கேட்காத கேம்

நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க மெஷினில் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி: தி 4 ஹீரோஸ் ஆஃப் லைட்' பார்ப்பதற்குக் கொள்ளை அழகு. அகிஹிகோ யோஷிதா வரைந்த உருவங்கள், பழைய படக்கதைப் புத்தகத்தில் வர்ணம் தீட்டியது மாதிரி ஊர்கள். ஜப்பானில் 2009-லும் அமெரிக்கா, ஐரோப்பாவில் 2010-லும் வந்தது. அந்தக் காலத்து ஆர்பிஜி (கதையோடு ஆட்களை வளர்த்துக்கொண்டே போகும் கேம்) மாதிரியே செய்கிறோம் என்று சொல்லித்தான் விற்றார்கள். செய்தது என்னவோ, பழசில் இருந்த தொல்லையை வைத்துக்கொண்டு சுகத்தை எடுத்துவிட்டார்கள்.

முதல் கோளாறு சண்டையில். 'அட்டாக்' அழுத்தலாம், மந்திரம் போடலாம். யார் மேல் என்று சொல்ல முடியாது, அதை கேமே முடிவு பண்ணும். மூன்று எதிரி நிற்கும்போது, சாகப் போகிற ஒன்றை முதலில் முடித்துவிட்டால் அடுத்த சுற்றில் நமக்கு விழும் அடி ஒன்று குறையும். எந்த ஆர்பிஜியிலும் இதுதான் அரிச்சுவடிக் கணக்கு. இங்கே அடி சிதறிப் போய், மூன்றும் அரை உயிரோடு நின்று நம்மைத் திருப்பி அடிக்கும். குணப்படுத்தும் மந்திரத்துக்கும் இதே கதிதான். இந்தச் சுற்றில் அடி வாங்கப் போகிறவனுக்கு முன்கூட்டியே உயிர் ஏற்றி வைக்க வழியில்லை. கஷ்டமான கேம் என்றால் பரவாயில்லை, யோசித்து ஜெயிக்கலாம். யோசித்ததைச் செய்ய விடாத கேமை என்ன செய்ய?

இத்தனைக்கும் அடிப்படை யோசனை நல்ல யோசனை. மற்ற கேம்களில் மந்திரத்துக்குச் செலவாகும் எம்பி இங்கே கிடையாது, அதற்குப் பதில் ஆளுக்கு 5 ஏபி, அதாவது செயல் புள்ளி. சுற்றுக்கு 1 தானாக ஏறும், சாதாரண அடிக்கு 1 செலவு, ஆக அடித்துக்கொண்டே இருக்கலாம். 3 ஏபி கேட்கும் மந்திரத்தை முழுப் புள்ளியோடு தொடங்கினால் இரண்டு சுற்று தொடர்ந்து போடலாம். மூன்றாவது சுற்றில் கையில் 1 தான் மிச்சம். அப்போது 'பூஸ்ட்' போடுங்கள்: புள்ளி கூடுதலாக ஏறும், அந்தச் சுற்றில் வாங்கும் அடியும் குறையும். பாஸ் என்கிற தலைமை எதிரியோடு மோதும் பெரிய சண்டைகளில் இரண்டு பேர் அடிக்க, இரண்டு பேர் பூஸ்டில் நிற்க, மாற்றி மாற்றிப் போனால்தான் தாக்குப் பிடிக்கும்.

அடுத்தது பை. ஆளுக்கு 15 இடம், அவ்வளவுதான். போட்டிருக்கும் கத்தி, கேடயம், கவசம், மந்திரப் புத்தகம் எல்லாமே அந்த 15-க்குள்ளேயே. நாலு உருப்படி உடம்பில், மூன்று நாலு புத்தகம் என்றால் பாதிப் பை நிரம்பிவிடும். நெருப்பு, பனி என்று ஒவ்வொரு குகைக்கும் அதைத் தாங்கும் தனி உடுப்பு வேறு வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் இரண்டே சுற்றில் ஊதித் தள்ளிவிடும். மருந்துக்கு எங்கே இடம்? புதுக் குகைக்குள் போகும்போது ஆளுக்கு 4 இடமாவது காலியாக வையுங்கள். தேவைப்படாத உடுப்பை ஊரில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். இன்னொன்று: கதையில் நாலு பேரும் பிரிந்து பிரிந்து போவார்கள். போகிறவன் தன் பையோடு போய்விடுவான். நல்ல ஆயுதத்தை எல்லாம் ஒருவன் தலையில் கட்டாதீர்கள்.

காசுக்கும் ஒரு எச்சரிக்கை. பேய்களை அடித்தால் பணம் வராது, ரத்தினக் கற்கள்தான் வரும். விற்றால் காசு. ஆனால் தலையில் வைக்கும் கிரீடத்தை (ஆள் மந்திரவாதியா, சண்டைக்காரனா என்பதை இங்கே அதுதான் தீர்மானிக்கும்) மேம்படுத்தவும் அதே கற்கள்தான் வேண்டும். ஆரம்பத்தில் வைரத்தை விற்றுத் தின்றவர்கள் பிறகு தேடி அலைவார்கள்.

மதுரைக்கு வழி வாயிலே என்பது நம்மூர்ப் பழமொழி. இந்த கேமில் ஊரே வாய் திறந்தாலும் வழி தெரியாது. அடுத்து எங்கே என்று ஒருவர் மங்கலாகச் சொல்வார், அதைக் குறித்து வைக்க கேமில் இடமில்லை. நம் மாசி வீதியில் வழி தப்பினால் கோபுரத்தைப் பார்த்து நடந்துவிடலாம், இங்கே அதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரப்பாளையத்தில் ஏறித் தேனி போகிற வரை ஆடலாம் என்று நினைப்பவர்களுக்கு: நினைத்த இடத்தில் சேவ் ஆகாது. பாதியில் இறங்க நேர்ந்தால் மூடியை மடக்கினால் போதும், டிஎஸ் தூங்கிவிடும். பேட்டரி தீர்ந்தால் போச்சு.

இதே ஏபி யோசனையைச் சரியாகச் செய்தது டிஎஸ்ஸுக்கு அடுத்த மெஷினான 3டிஎஸ்ஸில், ஜப்பானில் 2012-ல் வந்த 'பிரேவ்லி டிஃபால்ட்'. யாரை அடிப்பது என்பதை நாமே சொல்லலாம், ஆங்கிலப் பதிப்பில் வழியில் மறிக்கும் சண்டையைக்கூட முழுசாக நிறுத்திவிடலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

இல்லை, படத்துக்காகவே பழசு வேண்டும் என்றால், டவுன் ஹால் ரோட்டிலோ ஆன்லைனிலோ செகண்ட் ஹேண்ட் கேசட் எடுக்கும்போது லேபிளை மட்டும் பார்க்காதீர்கள். ஆட்டத்தைச் சேவ் பண்ணி, மெஷினை அணைத்து, திரும்பப் போட்டுப் பாருங்கள். போலிக் கேசட் பெரும்பாலும் அங்கேதான் மாட்டும். 3டிஎஸ்ஸில் ஆடுகிறவர்கள் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே கேமைத் திறங்கள். படம் கொஞ்சம் சின்னதாகும், ஆனால் 256-க்கு 192 என்ற அசல் அளவில் கோடு கலங்காமல் தெரியும்.