கண்டெடுத்த இடம்

"எங்க ஊர் பேரு எழுதிட்டீங்களா சார்?"

"எழுதியாச்சுங்க ஐயா."

எழுதவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது. அருங்காட்சியக வேலையில் நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் ஒரு கற்கோடரியைத் துண்டில் சுற்றி, மலையிலிருந்து பஸ் பிடித்துக் கொண்டுவந்திருந்தார். புதிய கற்காலத்தது, உள்ளங்கைக்குள் அடங்கும், வழவழவென்று தேய்த்த கல். காப்பிச் செடிக்குக் குழி எடுக்கும்போது கிடைத்ததாம். ஊரில் மரத்தடிப் பிள்ளையாரிடம் இதுபோல் இன்னும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதைக் கேட்டதும்தான் என் பேனா நின்றது.

அதற்கு முந்தைய மாதம் இரண்டு பேர் வந்து, மலையில் எந்தெந்த ஊரில் பழைய சாமான் கிடைக்கும் என்று துருவித் துருவி விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள். வியாபாரிகளா, ஆர்வத்தில் கேட்டவர்களா, தெரியாது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் விற்கக் கூடாது என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மரத்தடிப் பிள்ளையாருக்குக் காவல் யார்? பதிவேட்டில் ஏறும் ஊர்ப் பெயர் பட்டியல்களிலும் ஏறும், பல கைகளுக்குப் போகும். 'கண்டெடுத்த இடம்' என்ற கட்டத்தில் 'சேர்வராயன் மலை' என்று மட்டும் எழுதி முடித்தேன்.

செய்தது சரி என்றுதான் அன்று இரவு வரை நினைத்தேன்.

இரவில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் நினைவுக்கு வந்தார். அவருடைய நினைவிடம் இதே மலையில், ஏற்காட்டு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். இந்த மலையில் கற்கோடரிகளைப் பிள்ளையாருக்கு வைக்கும் வழக்கத்தையும் அவர் பதிவு செய்திருக்கிறார். 1904-ல் சென்னை அருங்காட்சியகம் அவருடைய சேகரிப்பை விலைக்கு வாங்கியது. இன்றைக்கும் அது ஆய்வுக்கு உதவுகிறதென்றால், எந்தக் கல் எங்கே கிடைத்தது என்று அவர் குறித்துவைத்ததுதான் காரணம். இடம் தெரியாத கல்லை வைத்து யாரும் எதையும் நிறுவ முடியாது. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு இதை நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

ஊர்ப் பெயரைத் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மேலதிகாரியிடம் ஒப்படைத்திருக்கலாம். யோசித்தேன். கேள்வி வருமே என்று தள்ளிப்போட்டேன். பிறகு மாற்றல் வந்துவிட்டது. இதற்கு நான் சொல்லும் எந்தச் சமாதானமும் எனக்கே போதவில்லை. பிள்ளையாரைக் காப்பாற்றினேனா, என் தலைவலியைத் தவிர்த்துக்கொண்டேனா?

மாற்றலுக்கு முன் பெரியவர் பேரனோடு ஒருமுறை வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சீட்டைப் பையன் சத்தமாகப் படித்தான்: "புதிய கற்காலக் கற்கோடரி. சேர்வராயன் மலை."

"இன்னொருக்கா படி சாமி."

படித்தான். பெரியவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். காரணத்தை அவரிடம் சொல்லியிருந்தால் புரிந்துகொண்டிருப்பார். 'வேண்டாம் சார், ஊர் பேரு போடாதீங்க' என்று அவரே சொல்லியிருக்கவும் கூடும். கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு நானே முடிவு செய்துவிட்டேன்.

அந்த ஊர்ப் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதை எழுதும்போது இரண்டு முறை தட்டச்சு செய்து, இரண்டு முறையும் அழித்தேன்.