காவடி எடுத்த தோள்

ஆயா சொன்னது மூன்று வாக்கியம். டாக்டரிடம் நான் ஆங்கிலத்தில் சொன்னது ஒன்று.

"வயிற்றுவலி விட்டுவிட்டது அம்மா. தோள்தான் குத்துகிறது. காவடி எடுத்த தோள் இல்லையா." சொல்லும்போதே கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். டர்பனில் அந்த வாரம் யாருக்குத்தான் தோள் வலிக்காது? "வலி குறைந்துவிட்டதாம்" என்பதை மட்டும் சொன்னேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த பேரனுக்கும் தெரியாது. அந்த நேரத்தில் அவருக்கு வாயாக இருந்தவள் நான்தான்.

வயிற்றறையின் உள்சுவரை மெல்லிய, வழவழப்பான சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. பெரிட்டோனியம் என்போம். அதே சவ்வுதான் மடிந்து போய் இரைப்பையையும் குடலையும் சுற்றிக்கொள்கிறது. விரித்துப் போட்டால் ஏறக்குறைய உடம்புத் தோலின் பரப்பு வரும். உறுப்புகள் உரசாமல் வழுக்கி நகர நடுவே கொஞ்சம் நீர் இருக்கும். உறுப்பைச் சுற்றிய சவ்விலிருந்து வரும் வலி மந்தமானது, விரல் வைத்துக் காட்ட முடியாது. சுவரை ஒட்டிய சவ்வு அப்படி இல்லை, எரிச்சல் கண்டால் இன்ன இடம் என்று சுருக்கென்று காட்டிவிடும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் மட்டும் அது இடம் மாற்றிச் சொல்லும். கருவில் உதரவிதானம் கழுத்துப் பக்கம் உருவாகிக் கீழே இறங்குகிறது. கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து வரும் இழையையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் அங்கே அமிலமோ இரத்தமோ பட்டால் தோள் வலிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் படம் வரைந்து எழுதியிருக்கிறேன்.

முழங்கால் வலிக்கு ஆயா விழுங்கிவந்த மாத்திரைகள் முன்சிறுகுடலில் புண்ணாக்கி, புண் ஓட்டையாகியிருந்தது. காலையில் துடித்திருக்கிறார். பிறகு சவ்வே நீர் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்ய, சில மணி நேரம் வலி தணிந்திருக்கிறது. பொல்லாத இடைவேளை அது. 'குறைந்துவிட்டதாம்' என்று நான் சொன்னது அந்த இடைவேளையில்தான்.

இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த டாக்டர் தொட்டுப் பார்த்தபோது வயிறு பலகையாக இறுகியிருந்தது. நிமிர்த்தி உட்காரவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்தின் அடியில் ஓட்டை வழியே கசிந்த காற்று, பிறை போல. அன்றிரவே அறுவை. குடலின்மேல் தொங்கும் கொழுப்புத் திரையான வபையிலிருந்து ஒரு துண்டை இழுத்து ஓட்டையின்மேல் வைத்துத் தைத்தார்கள். கிரஹாம் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் முறை. ஆயா பிழைத்துக்கொண்டார்.

காவடி என்று காரணம் சொன்னவர் ஆயாதானே? வயிற்றை அழுத்திப் பார்ப்பது டாக்டர் வேலை, நான் நர்ஸ். இப்படி நினைக்கும்போது மனது கொஞ்சம் ஆறுகிறது. ஆனால் சுருக்கிச் சொல் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லையே. முழுவதையும் சொல்லியிருந்தாலும் டாக்டர் காவடியைக் கேட்டுத் தலையாட்டியிருக்கலாம். சொல்லாமல் விட்டதால் அதையும் இனி அறிய வழியில்லை.

வீட்டுக்குப் போகும் நாளில் ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தமிழ் பேசினாய், அதனால்தான் பிழைத்தேன்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. உடம்பு தேறிவரும் கிழவியிடம் என் பாரத்தை இறக்கிவைப்பது நியாயமா என்று சில நாள்.

பிறகு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எந்தத் தோள்?" என்று மட்டும் கேட்டார். காவடித் தண்டு அழுந்துவதும் அந்த நரம்பு வலியைக் காட்டுவதும் ஒரே இடத்தில்தான். உள்ளங்கையும், அதில் அழியாமல் இருந்த மஞ்சள் கறையும் நன்றாக நினைவிருக்கின்றன. வலமா இடமா என்றுதான் தெரியவில்லை. எதிரே நின்று என் தோளிலேயே கையை வைத்துப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் வருகிறது.