இடது ஓரத்தில் யாரை நிறுத்துவது?

கோலாலம்பூரில் பள்ளி ஹாக்கி ஆட்டங்களைப் பார்த்துவருபவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும்: கைதேர்ந்த பிள்ளைகளை நடுவிலும் வலப்புறத்திலும் நிறுத்திவிட்டு, எஞ்சியவர்களை இடது ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்டக்காரர்களுக்கு அவரவர் இடத்துக்கேற்ற திறன்களைக் கற்பிக்கும் வேலை அந்த இடது ஓரத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது, பள்ளி அணி ஒன்றின் பயிற்றுநராகிய என் கருத்து.

காரணம் மட்டையிலேயே இருக்கிறது. ஹாக்கி மட்டையின் இடப்பக்கம் மட்டுமே தட்டையானது. முதுகுப்புறத்தால் பந்தை ஆடுவது விதிமீறல். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டையும் கிடையாது. ஆகவே எல்லாருக்கும் வலப்புறம் வலுவான பக்கமாகவும் இடப்புறம் பலவீனமான பக்கமாகவும் அமைந்துவிடுகின்றன. வலது ஹாஃப் (தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இடையிலான வரிசையின் வலது ஓரம்) ஆடுபவருக்கு எல்லைக்கோடு வலப்புறம் இருப்பதால், எதிரணி விங்கரை, அதாவது ஓரமாக ஓடித் தாக்குபவரை, கோட்டை நோக்கி ஒதுக்கி, மட்டையின் முன்பக்கத்தாலேயே பந்தைப் பறிக்கலாம். இடது ஹாஃபுக்கோ எல்லாம் தலைகீழ். எதிரே வரும் விங்கர் பந்தைத் தம் வலப்புறத்தில், கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டு ஓடிவருவதால், அது இவருடைய பலவீனமான பக்கத்தில்தான் வந்து சேரும். கை நீட்டிப் பறிக்க நினைக்கும் சிறுவன் அங்கே தோற்றுப்போவான். முதலில் கால்களை நகர்த்தி, கோட்டின் பக்கமாகச் சற்று ஒதுங்கி நின்று, விங்கரை நடுப்பகுதிக்குத் திரும்ப வைக்க வேண்டும்; அங்கே அதே வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் ஹாஃப் காத்திருக்க வேண்டும் என்பதால், இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஆடப் பழக வேண்டும். (ஆட்டத்தில் வாய் திறக்காத பிள்ளையை இந்த இடத்துக்குத் தயாராக்குவதுதான் எனக்கு மிகக் கடினமான வேலை.)

இதற்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது. எல்லைக்கோட்டை ஒட்டிய ஒடுங்கிய பாதையில் ஒருவர் பந்துடன் ஓடிவர, மற்றவர் மட்டையைத் தாழ்த்தியபடி பின்னோக்கி நகர்ந்து அவரைத் தாமதப்படுத்த வேண்டும். கோல் கோட்டிலிருந்து 23 மீட்டர் தள்ளி இருக்கும் 23 மீட்டர் கோட்டை அடையும்வரை பந்தைப் பறிக்க அனுமதியில்லை. இடது விங்கில் ஆடுபவருக்குச் சிக்கல் வேறு வகையானது: வலது விங்கர் இயல்பாகவே உள்நோக்கி அடிக்கும் இடத்தில், இவர் உடலைப் பந்தைச் சுற்றித் திருப்ப வேண்டும், அல்லது மட்டையைத் திருப்பிப் பிடித்து இடப்புறத்திலிருந்து ரிவர்ஸ் அடி அடிக்க வேண்டும். இளம் மணிக்கட்டுகளுக்கு உடலைத் திருப்புவதையே முதலில் பழக்குகிறேன்.

ஓட முடியாத பிள்ளையைக் கோல் காவலராக்கும் பழக்கமும் இதைப் போன்றதே. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் மலேசியா இந்தியாவை, சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்மானிக்கும் ஷூட்அவுட்டில் 7-6 என வென்றபோது, மலேசியாவின் கோலில் நின்றவர் குமார் சுப்பிரமணியம். ஷூட்அவுட்டில் தாக்குபவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து தொடங்கி 8 விநாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். காவலர் கோல் கோட்டை விட்டு விரைந்து வெளியேறி அந்த நேரத்தைத் தின்றுவிட வேண்டும். மந்தமான கால்களால் அது நடக்காது.

பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் பிளிக்கைப் பற்றி மாணவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள், அது காத்திருக்கலாம். ஆரம்பப்பள்ளியில் எழுவர் ஆட்டம் ஆடும்போது எல்லாரையும் எல்லா இடங்களிலும் மாற்றி மாற்றி நிறுத்துகிறேன். இடைநிலைப்பள்ளிக்கு வந்தபின் ஒவ்வொருவருக்கும் இரண்டு இடங்களை ஒதுக்குகிறேன். அவற்றில் ஒன்று இடப்புறத்தில்தான் இருக்க வேண்டும், அணியின் சிறந்த ஆட்டக்காரருக்கும் சேர்த்துத்தான்.